ஆற்றின் கணக்கு

மன்னார்குடியை அடுத்து ஓடும் பாமணியாறு காவிரியின் வழிவந்ததாகும். கல்லணையில் காவிரியினின்று பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தருகே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகின்றது. அவற்றுள் பாமணியாறே இவ்வூர்க் கழனிகளை நோக்கி வருவது.

இங்குள்ள வாய்க்கால்தோறும் தலைமடையாரும் கடைமடையாரும் உளர். நீர் குறைந்த காலத்தில், 'விட்டுவிட்டோம்' என்பர் தலைமடையார். 'வந்திலது' என்பர் கடைமடையார். இருவரும் மதகடியில் ஒருங்கே நின்று நீர்மட்டத்தைக் கண்ணாரக் கண்ட பின்னரே பூசல் தணியும். கருகும் நாற்றை வாதம் தளிர்ப்பிக்காது அன்றோ!

மாநிலங்களுக்கும் இவ்வுண்மை பொருந்தும். காவிரி, கருநாடகத்துக் குடகில் தோன்றித் தமிழகத்தில் பாய்ந்து கடலை அடைகின்றது. கேரளமும் புதுச்சேரியும் அதன் நீரில் பங்குடையன. 1924-ஆம் ஆண்டில் சென்னை மாகாணமும் மைசூர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. பின்னர் எழுந்த வழக்கினை ஆராய 1990-இல் நடுவர் மன்றம் அமைந்தது; 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு வெளிவந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அதனைத் திருத்தி, இயல்பான மழையுள்ள ஆண்டில் பிலிகுண்டுலுவில் தமிழகம் பெறத்தக்க நீர் 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடியாகும்.

அவ்வாண்டு சூன் திங்களில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் தோன்றியது. நான்கு அரசுகளின் பேராளரும் அதில் ஒருங்கே அமர்கின்றனர். கிருஷ்ணராஜசாகரம், கபினி, மேட்டூர், பவானிசாகர் முதலிய எட்டு நீர்த்தேக்கங்களின் நீர்மட்டம், வரத்து, இருப்பு ஆகியவற்றை நாள்தோறும் திரட்டுதல் அதன் ஒழுங்காற்றுக் குழுவின் கடமையாகும். இச்செய்திகளை விரைந்து அனுப்புதற்குரிய தொடர்பு அமைப்பும், அவற்றைக் கணிக்கும் கணினி அறையும் வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் விதியாகும்.

இதனால் விளையும் பயன் யாது? ஒவ்வோர் அரசும் தனித்தனிக் கணக்கு வைத்திருப்பின், ஐயமே வளரும். அனைவரும் ஒரே அளவைக் காண்பாராயின், 'எவ்வளவு உள்ளது?' என்னும் வினா ஒழிந்து, 'எவ்வாறு பகிர்வது?' என்னும் வினாவே எஞ்சும்.

எனினும் கணினி மழையைப் பெய்விக்காது. 2023-இல் தென்மேற்குப் பருவமழை குன்றியபோது, தஞ்சைத் தரணியில் குறுவைப் பயிர் கருகிற்று. கருநாடக உழவரும் தம் பயிருக்கும் குடிநீருக்கும் அஞ்சினர். பற்றாக்குறையை யார் எவ்வளவு தாங்குவது என்பதை அளவுகோல் சொல்லாது. நடுவுநிலை வாய்ந்த நெஞ்சமே சொல்லவேண்டும்.

மாணவர்களே! பொய்யாக் கணக்கு, பூசலைத் தீர்க்கும் முதற்படி. பிறர் வயலும் வாடாதிருக்க விரும்பும் நெஞ்சம், அதன் முடிந்த படி. இரண்டும் கூடிய இடத்தில்தான் ஆறு அனைவர்க்கும் தாயாகும்.