சதுரகிரிப் பாதையில் நெகிழி: யாரிடம் மனுக் கொடுப்பது?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே நிற்கும் மலை 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் மேகமலையுடன் சேர்த்துத் தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகமாக்கப்பட்டது. அங்கே பெய்யும் மழைதான் ஓடைகளாக இறங்கிக் கண்மாய்களை நிரப்புகிறது. ராஜபாளையத்துக்குக் குடிநீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கும் அந்த மலையே தாய்மடி. ஆகவே மலைப்பாதையில் எறியப்படும் பாலித்தீன் பை காட்டுக்குள்ளேயே கிடந்துவிடுவதில்லை. மழை வந்ததும் ஓடையோடு இறங்கி, கண்மாய் மடையில் அடைத்துக்கொண்டு, கடைசியில் வயலுக்கு வந்து சேர்கிறது.

இச்சிக்கல் மிகத் தெளிவாகத் தெரியும் இடம் சதுரகிரி. வத்திராயிருப்பை அடுத்த தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தால் சுந்தரமகாலிங்கம் கோயில் வருகிறது. ஆடி அமாவாசைக்கு இங்கே திரளும் கூட்டம் பெரிது. அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து நெகிழிப் பொருட்களை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எனினும் பிஸ்கட் உறையும் தண்ணீர் பாட்டிலும் பாதையோரப் புதர்களுக்கு எப்படியோ போய்ச் சேர்கின்றன. திருவிழா முடிந்ததும் தன்னார்வலர்கள் சாக்குகளோடு ஏறிப் பொறுக்கிக் கொண்டு இறங்குகிறார்கள். பொறுக்குவது நற்செயல்தான், ஆனால் அடுத்த அமாவாசைக்கு அதே குப்பை அதே இடத்தில் கிடக்கும் என்பதால், குப்பை உருவாகும் இடத்தை நோக்கி மக்கள் கேள்வியைத் திருப்பாதவரை இந்த வேலைக்கு முடிவே கிடையாது.

கேள்வி கேட்பதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படும் 14 வகை நெகிழிப் பொருட்களை, தடிமன் எவ்வளவாக இருந்தாலும், தயாரிக்கவும் சேமிக்கவும் விற்கவும் பயன்படுத்தவும் கூடாதென்ற தமிழ்நாடு அரசின் ஆணை 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஒன்றிய அரசின் விதிகளோ 120 மைக்ரானுக்கு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான தடிமனுக்கு, மேற்பட்ட கேரிபேக்குகளை அனுமதிக்கின்றன. எனவே “இது கனமான கவர், இதற்குத் தடை இல்லை” என்று கடைக்காரர் சொல்வது தமிழ்நாட்டுக்குள் எடுபடாத வாதம். பால் பொருட்களை அடைத்து முத்திரையிடும் உறைக்கு ஆணையில் விலக்கு உண்டு. ஆகையால் 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா நெகிழி உறையில் வருவது குற்றமாகாது, அதைத் தூக்கிச் செல்ல வாடிக்கையாளர் கையில் கொடுக்கப்படும் கேரிபேக்தான் குற்றம். வீதிப் பிரசாரத்துக்குப் போகிறவர்கள் இந்த நுணுக்கத்தை அறியாமல் போனால் முதல் கடையிலேயே வாயடைத்துத் திரும்ப வேண்டியிருக்கும்.

தண்ணீர் பாட்டில் அந்த 14 வகைகளில் சேராததால், ஊருக்குள் சட்டப்படி விற்கப்படும் பொருள் மலை வாசலில் பறிமுதலுக்கு உரியதாகிவிடுகிறது. இதை வாங்காதீர்கள் என்று பக்தரிடம் சொல்வதைவிட, அடிவாரத்திலும் பாதையிலும் குடிநீர் வசதி கேட்பதே பொருத்தமான கோரிக்கை. ஏனெனில் தாகத்தோடு ஏறுகிறவரிடம் அறிவுரை செல்லாது. ஆனால் அதை யாரிடம் கேட்பது? பாதை வனத்துறையின் பொறுப்பு, கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பு, அடிவாரக் கடைகள் உள்ளாட்சியின் பொறுப்பு. போதாததற்கு, ஏறும் வழி விருதுநகர் மாவட்டத்திலும் கோயில் மதுரை மாவட்டத்திலும் இருக்கின்றன. ஒரு அலுவலகத்துக்கு மட்டும் எழுதிய மனு “இது எங்கள் வரம்பில் இல்லை” என்ற பதிலோடு திரும்பிவர இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது.

நீலகிரியின் அனுபவம் இங்கே பயன்படும். அம்மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டையொட்டி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு தொடங்கிவைத்த நெகிழி ஒழிப்பு நிலைத்ததற்கு அரசாணை மட்டும் காரணமன்று. ‘கிளீன் குன்னூர்’ போன்ற குடிமக்கள் அமைப்புகள் நகராட்சியோடு சேர்ந்து ஓட்டுப்பட்டறைக் குப்பைக் கிடங்கைச் சீர்ப்படுத்தி, தரம் பிரிக்கும் வேலையிலும் இறங்கின. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022-இல் அங்கே டாஸ்மாக் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்ததும் திருப்பித் தரும் முறை வந்தது. அது கண்ணாடி பாட்டிலுக்கான ஏற்பாடு என்றாலும், இதே வைப்புத்தொகை முறையைத் தாணிப்பாறையில் தண்ணீர் பாட்டிலுக்கும் கேட்க எந்தத் தடையும் இல்லை.

உற்பத்தி நிறுவனங்களையும் விட்டுவிட முடியாது. தான் சந்தைக்கு அனுப்பிய உறையைத் திரும்பப் பெற்றுக் கையாளும் கடமை நிறுவனத்துக்கே உரியது என்னும் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ 2016-ஆம் ஆண்டின் நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளில் இடம்பெற்றுள்ளது. சிப்ஸ் பாக்கெட் போன்ற பல்லடுக்கு உறைகளை எளிதில் மறுசுழற்சி செய்ய முடியாது என்பதால் இக்கடமைக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பொறுக்கிய குப்பையை எடைபோட்டுச் சாக்கில் கட்டுவதோடு நிற்காமல், எந்த நிறுவனத்தின் உறை எத்தனை என்று பிரித்து எண்ணும் கணக்கெடுப்பை ‘பிரேக் ஃப்ரீ ஃப்ரம் பிளாஸ்டிக்’ என்ற உலக இயக்கம் 2018 முதல் பல நாடுகளில் நடத்திவருகிறது. வெறும் சாக்கைப் படமெடுத்துப் போட்டால் பாராட்டுத்தான் கிடைக்கும். பெயர்வாரிக் கணக்கை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்தால் வாரியம் பதில் சொல்லியாக வேண்டும்.

மாற்றுப் பொருளுக்கு இவ்வட்டாரம் வெளியே கை நீட்ட வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ஆலை முதல் இன்றுவரை நூலால் பிழைக்கும் ராஜபாளையமும், மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியும் இருக்கும் பகுதியில் பாலித்தீன் பை விற்பனையாவது சற்று வெட்கத்துக்குரியது. 2021 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்கு உள்ளூர்த் தறிகளே துணி தரலாம். ஆனால் நகராட்சி அதற்கு ஒரு தீர்மானம் போட வேண்டும், அத்தீர்மானத்தை வார்டு உறுப்பினரிடம் கேட்டுப் பெறுவது வாக்காளரின் வேலை.

அடுத்த ஆடி அமாவாசைக்குப் பல மாதங்கள் முன்பே குடிநீர், வைப்புத்தொகை, அடிவாரக் கடை ஒழுங்கு ஆகிய மூன்றையும் ஒரே மனுவில் எழுதி, இரு மாவட்ட ஆட்சியர்களுக்கும் வனத்துறைக்கும் அறநிலையத் துறைக்கும் ஒரே நாளில் கொடுத்து, அக்கோரிக்கைகளைக் கிராம சபையில் தீர்மானமாகப் பதிவுசெய்து, நடவடிக்கை இல்லையெனில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுவின் நிலையைக் கேட்பதே இவ்வூர் இளைஞர் மன்றங்களும் பக்தர் குழுக்களும் உடனே தொடங்க வேண்டிய பணி.