வேலை நேரத்துச் சத்தம்: 'லவ்லெஸ்' குறித்து

வேலை செய்யும்போது என்ன பாட்டுக் கேட்கலாம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ரசனை சார்ந்த ஓர் அப்பாவிக் கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் வேலை செய்கிற காதுக்குள் எதை ஊற்றுவது என்பதற்கு நீண்டதோர் அதிகார வரலாறு உண்டு.

அமெரிக்க ராணுவ ஜெனரல் ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர், கம்பி வழியே இசை அனுப்பும் தனது நிறுவனத்துக்கு 1934இல் 'மியூசாக்' என்று பெயர் சூட்டினார். 1940களில் அந்நிறுவனம் வேலைத்தளங்களுக்கென ஒரு முறையை வகுத்தது. கால் மணி நேரம் இசை, அடுத்த கால் மணி நேரம் மௌனம். அந்தக் கால் மணிக்குள் மெட்டுகளின் வேகமும் வாத்தியங்களின் அடர்த்தியும் படிப்படியாகக் கூடும். உடல் சோர்கிற முற்பகலிலும் பிற்பகலிலும் முடுக்கம் அதிகம். குரல் கூடாது; குரல் வந்தால் ஆட்கள் காதுகொடுத்துக் கேட்டுவிடுவார்களே!

பிரிட்டனில் பிபிசி 1940 ஜூனில் 'மியூசிக் வைல் யூ ஒர்க்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. யுத்தகாலத் தொழிற்சாலைகளுக்காக ஆரம்பித்தது 1967வரை ஓடியது. 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்ஸஸ்' என்ற பாட்டுக்கு அதில் தடை விழுந்தது. அந்தப் பாட்டில் கைதட்டல் வருகிறது. தொழிலாளிகள் வேலையைப் போட்டுவிட்டுத் தாங்களும் தட்டுவார்கள், கையிலிருக்கிற ஸ்பானரால் இயந்திரத்தைத் தட்டுவார்கள் என்று பயம். சொல்லப்போனால் பயம் பாட்டின்மேல் இல்லை, தொழிலாளி எழுப்பக்கூடிய சத்தத்தின்மேல்தான். சத்தத்தை ஒழுங்குபடுத்தும் உரிமை யார் கையில் என்பதே அதிகாரத்தின் பிரச்சினை என்று ழாக் அத்தாலி 1977இல் ஒரு புத்தகமே எழுதினார். 'மியூசாக்' என்ற பெயர் 2013இல் கைவிடப்பட்டுவிட்டது. ஆனால் 'கவனத்துக்கான இசை' என்று செயலிகள் அடுக்கித் தரும் பட்டியல்களில் அதே புத்திதான் வேலை செய்கிறது.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் 'மை ப்ளடி வேலன்டைன்' குழுவின் 'லவ்லெஸ்' (1991) என்ற ஆல்பத்தைச் சிபாரிசு செய்கிறேன். டப்ளினில் தோன்றிய குழு. லண்டனின் 'கிரியேஷன்' என்ற சுயேச்சை நிறுவனம் வெளியிட்டது. பதினோரு பாட்டு, நாற்பத்தெட்டு நிமிடத்துச் சொச்சம். இதை ஒலிப்பதிவு செய்ய இரண்டாண்டுக்கு மேல் ஆகி, பத்தொன்பது ஸ்டூடியோக்கள் மாறி, நிறுவனமே திண்டாடிப்போனது. கெடுவுக்குள் முடியாத ஒரு வேலையை, கெடுவுக்குள் வேலை முடிக்க வேண்டியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். இருக்கட்டும்.

முதல் தடவை போட்டால், 'என்னய்யா இது, மிக்சி ஓடுற சத்தமா இருக்கு' என்பீர்கள். நாலே நாலு டிரம் அடி, உடனே கிதார் சுவர்போல எழும்பும். கெவின் ஷீல்ட்ஸ் தன் கிதாரின் ட்ரெமலோ கம்பியைக் கைக்குள் பிடித்தபடியே தந்திகளை மீட்டுகிறார். ஒவ்வொரு மீட்டிலும் சுருதி கொஞ்சம் வழுக்கி இறங்கி மறுபடி ஏறுகிறது. ஒலி ஓரிடத்தில் நிற்காது, ஆனால் எங்கும் போய்ச் சேர்வதுமில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டபின், அந்த இரைச்சலுக்குள் தாலாட்டு மாதிரி மெட்டுகள் இருப்பது பிடிபடும். 'சம்டைம்ஸ்' பாட்டைக் கேளுங்கள், இரைச்சலை நீக்கிவிட்டால் அதைத் தெருவில் முணுமுணுத்துக்கொண்டே போகலாம்.

குரல் இங்கே கிதாருக்கு மேலே உட்காருவதில்லை. பிலிண்டா புட்சரின் குரலும் ஷீல்ட்ஸின் குரலும் இரைச்சலுக்குச் சமமாக, பல இடங்களில் அதற்குள் புதைந்து கிடக்கின்றன. வார்த்தை விளங்காது. வெகுஜனப் பாட்டில் குரல்தான் மையம், மற்றதெல்லாம் 'பின்னணி' என்கிற படிநிலை இதில் குலைந்துபோகிறது. காலையில், தூங்கியும் தூங்காமலும் இருக்கும்போது எழுப்பித்தான் புட்சரைப் பல பாட்டுகளில் பாடவைத்தார்கள். வேலைக்கு இன்னும் முழுசாக விழிக்காத உடலின் குரல் அது. மியூசாக் விரட்டி விரட்டி எழுப்பப் பார்த்தது அந்த உடலைத்தான்.

டிரம்களும் அப்படியே. டிரம்மர் கொல்ம் ஓ கியோசோய்க் நோய்வாய்ப்பட்டிருந்ததால் அவர் அடித்தவற்றை மாதிரிகளாக எடுத்துக் கோத்தார்கள். அந்தத் தாளம் பெரும்பாலும் பின்னால் மங்கி ஓடுகிறது, உங்கள் கையைத் துரிதப்படுத்தாது. மெய்ப்புப் பார்க்க, பக்கம் கட்ட, கணக்கு ஏற்ற இதைவிடத் தோதான துணை எனக்குக் கிடைத்ததில்லை. மொழிபெயர்ப்புக்கு மட்டும் ஆகாது. சொல்லின் ஓசையை அது தின்றுவிடும்.

தோழர்கள் கேட்கலாம்: 'வேலையைச் சகிக்க வைக்கிற எந்தப் பாட்டும் முதலாளிக்குத்தானே லாபம்?' நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப்பதில் இல்லை. ஏற்றப்பாட்டு ஊரெல்லாம் கேட்கும். ஹெட்போன் பாட்டு ஒருத்தருக்கு மட்டும். பேசிக்கொள்ளாத பத்துப் பேர் பத்து ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பதில் எந்த மேலாளருக்கும் ஆட்சேபணை இருக்காது. ஆகவே ஒரு காதைத் திறந்தே வையுங்கள், பக்கத்து நாற்காலிக்காரர் சம்பளப் பாக்கியைப் பற்றி முணுமுணுத்தால் கேட்க வேண்டும். முடிந்தால் அறையில் எல்லோருக்குமாக, தணித்தே வையுங்கள். இந்தக் குழு மேடையில் வாசித்த சத்தத்துக்கு 2008இல் பார்வையாளர்களுக்குக் காதடைப்பான் கொடுக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் அது வேண்டாம்.

கடைசிப் பாட்டு 'சூன்'. ஏழு நிமிடம். இதில் மட்டும் தாளம் முன்னால் வந்துவிடும், கால் தானாக ஆடும். யாராவது மேசையைத் தட்ட ஆரம்பித்தால் தட்டட்டும்.