பழைய மாருதியும் பந்தயத் தளமும்

மோட்டார்ப் பந்தயம் என்பது மகாராஜாக்களுக்கும் கோடீசுவரர்களுக்கும் உரிய விநோதம் என்று நம் நாட்டில் வெகுகாலமாக வேரூன்றி நின்ற அபிப்பிராயத்தை, 1988-ஆம் ஆண்டில், கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், ஊர்தோறும் கிடைக்கக்கூடிய ஒரு சின்னஞ்சிறு யந்திரத்தைக் கொண்டு அசைத்துப் பார்த்தார். மாருதி 800 காரில் இருந்த, மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய, நாற்பது குதிரைத்திறனைக்கூட எட்டாத அந்த எஞ்சினை எடுத்து, எடை குறைந்த இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்றில் பொருத்தி, ஒருவர் மட்டுமே அமரத்தக்க பந்தய வாகனமாக அவர் ஆக்கினார். அதற்கு ஃபார்முலா மாருதி என்று பெயர் வழங்கிற்று. பிற்காலத்தில் 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஜோர்டன் அணிக்காக ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் ஆரம்பப் பாடங்களைப் பயின்றது இந்த எளிய வண்டியில்தான் என்பதை நினைத்தால், கரிவர்தனின் யோசனை எவ்வளவு தீர்க்கமானது என்பது விளங்கும். அவர் 1995-இல் விமான விபத்தொன்றில் காலமானார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட ஓடுதளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் பரிசுக் கோப்பையையும் கைதட்டலையும் எண்ணிவிட வேண்டியதில்லை. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, எதிரே வண்டியோ மாடோ வாராத மூடிய ஓடுதளத்தில், தன் சொந்தக் காரைத் தன் திறமைக்கு எட்டிய வேகத்தில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒதுக்கப்படும் நாட்களும் உண்டு. ‘டிராக் டே’ என்று இளைஞர்கள் சொல்வது இதைத்தான். நம் மேட்டூரிலிருந்து புறப்படுகிறவருக்குப் பவானி, பெருந்துறை, அவிநாசி வழியாகச் செட்டிபாளையம் ஒரு பக்கம். சேலம் வழியாகச் சென்னையை நெருங்கினால் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை மற்றொரு பக்கம். பின்னதை 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அமைத்து 1990-இல் திறந்தது; அது ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுடையது. அதற்கு முன்பு பந்தயங்கள் நடந்தது சோழவரத்தில், இரண்டாம் உலகப்போரின்போது போடப்பட்ட விமான ஓடுபாதையின் மீது. அங்கே ஓடிய கார்களில் பல, வாரநாட்களில் வீதியில் ஓடிய அதே ஃபியட்டுகளும் ஹெரால்டுகளும்தாம். ஆகவே பழைய, மலிவான காரைப் பழுது பார்த்துப் பந்தயத் தளத்துக்குக் கொண்டு போவது தமிழ்நாட்டில் நூதனமான பைத்தியம் அல்ல. அதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது.

எந்தக் காரை வாங்குவது? பதிவு பெற்றுப் பதினைந்து ஆண்டு கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டபடியால், ‘எஃப்சி முடிந்த வண்டி’ என்று சொல்லி மலிவாகத் தள்ளிவிட விரும்புகிறவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். அவற்றுள் தேர்ந்தெடுக்க இரண்டே விதிகள் போதும்: கார் எடை குறைந்ததாக இருக்க வேண்டும், அதன் உதிரிப் பாகம் ஓமலூரிலோ சங்ககிரியிலோ ஒரு சாதாரணக் கடையில் கிடைக்க வேண்டும். மாருதி 800 ஏறத்தாழ 650 கிலோ எடையும் 37 குதிரைத்திறனும் உடையது. ஒரு டன்னுக்குக் கணக்கிட்டால் 57 குதிரைத்திறன். 1993-இல் வந்த மாருதி ஜென், சுமார் 750 கிலோவும் 50 குதிரைத்திறனும், டன்னுக்கு 67. மாருதி எஸ்டீமின் பிற்காலத்து வகை, 85 குதிரைத்திறனுக்கு 875 கிலோ அளவில் நிற்பதால், டன்னுக்கு 97 என்று பாய்ந்துவிடுகிறது. நம் நாட்டுப் பந்தயங்களிலும் ராலிகளிலும் எஸ்டீம் நெடுநாள் கோலோச்சியதன் ரகசியம் இந்த வகுத்தல் கணக்கே. ஆயினும், ஓட்டக் கற்றுக்கொள்ள விரும்புகிறவர் என்னிடம் யோசனை கேட்டால், நான் ஜென்னைத்தான் சொல்வேன். 800-இன் பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்கு நல்ல பிடிமானமுள்ள டயர் தேடி அலைவது சிரமம், எஸ்டீமின் வேகமோ ஆரம்பப் பிழைகளை மன்னிக்கும் வேகம் அல்ல.

வாங்கும்போது பளபளப்பான பெயின்டைப் பார்த்து மயங்குவது சகஜம். பார்க்க வேண்டியது ரேடியேட்டர் மூடியின் உட்புறத்தை. சேலம், நாமக்கல் சமவெளியின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. குளிர்விப்புத் திரவம் ஊற்ற வேண்டிய இடத்தில் பல ஆண்டுகள் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய காராக இருந்தால், மூடியடியில் வெண்மையான சுண்ணாம்புப் படிவம் காணப்படும். அந்தப் படிவம் உஷ்ணத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். ஆகவே ஒரு மில்லிமீட்டர் படிவம்கூட எஞ்சினைச் சுற்றிக் கம்பளி போர்த்தியதற்குச் சமம். ஊருக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வெளியே தெரியாத இந்தக் குறை, எஞ்சின் முழுச் சக்தியோடு தொடர்ந்து கால் மணி நேரம் ஓடும்போது வெட்டவெளிச்சமாகிவிடும்.

இங்கே அலுமினியத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். மேட்டூர்க்காரர்கள் அதைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். அணையின் மின்சாரத்தையும், ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் வந்த பாக்சைட் கல்லையும் நம்பி, 1965 முதல் பல ஆண்டுகள் இவ்வூரில் உருகி வழிந்த உலோகம் அது. இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கே உடையதாகையால், ஜென், எஸ்டீம் ஆகியவற்றின் எஞ்சின் கட்டையும் தலையும் இரண்டுமே அலுமினியத்தால் வார்க்கப்பட்டன. எஸ்டீம் இவ்வளவு இலகுவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் இலகுவான அந்த உலோகத்துக்கு ஒரு சுபாவம் உண்டு: வெப்பம் ஏற ஏற, வார்ப்பிரும்பைப் போல் இருமடங்கு அது விரியும். நானூறு மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினிய எஞ்சின் தலை, எண்பது டிகிரி சூடேறும்போது முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு நீளுகிறது. எங்கும் ஒரே சீராகச் சூடேறினால் பாதகமில்லை, ஒரு மூலையில் மட்டும் தண்ணீர் வற்றிக் கொதித்துவிட்டால் தலை வளைந்து, ஹெட் காஸ்கெட் கசிந்துவிடும். ஒருமுறை அப்படிக் கொதித்த எஞ்சினை மீண்டும் நம்புவதற்கு, தலையைக் கழற்றி, லேத்துப் பட்டறையில் மட்டம் பார்த்து, வேண்டுமானால் இழைத்துச் சமன் செய்வதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால், பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

காரை வாங்கியாயிற்று, இனி எஞ்சினின் சக்தியைக் கூட்டலாம் என்று இளைஞர் மனம் துடிக்கும். கையிலுள்ள முதல் பணத்தை அதில் போடுவது அவிவேகம் என்பது என் அபிப்பிராயம். ஓட்டுகிறவரையும் சேர்த்து 750 கிலோ எடையுள்ள கார், நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்காக 50 கிலோமீட்டராகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரே ஒரு மிதியில் காரின் இயக்க சக்தியிலிருந்து ஏறத்தாழ 278 கிலோஜூல் கழிந்து, பெரும்பகுதி பிரேக்கில் உஷ்ணமாகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை அறைச்சூட்டிலிருந்து கொதிநிலைக்குப் பக்கத்தில் கொண்டு போவதற்கு அது போதும். எடைப் பெயர்ச்சியினால் அந்த உஷ்ணத்தில் பெரும்பங்கைச் சுமப்பவை முன்சக்கரங்களின் இரண்டு மெல்லிய டிஸ்குகள்; அவை ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஒரு சுற்றில் இப்படிப் பல வளைவுகள், ஓய்வின்றிப் பல சுற்றுகள். வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப இயக்க சக்தி கூடுகிறதாகையால், எஞ்சினுக்குப் பத்துக் குதிரைத்திறன் சேர்ப்பவர் தம் பிரேக்குக்கும் கூடுதல் வேலை வைக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

பிரேக் தோற்றுப் போவது இரண்டு விதம். பிரேக் பேடு தன் வரம்பை மீறிச் சூடேறி வழுக்கத் தொடங்குவது ஒன்று. அப்போது மிதி கட்டையாகவே இருக்கும், கார் மட்டும் நிற்காது. மற்றொன்று இன்னும் அபாயகரமானது: பிரேக் ஆயில் கொதித்துவிடுவது. திரவத்தை அழுத்தினால் அது விசையைக் கடத்தும். ஆவியை அழுத்தினால் அது சுருங்கிக் கொள்ளுமே ஒழிய விசையைக் கடத்தாது. ஆகவே மிதி தரையைத் தொடும்வரை போய்விடும். டாட் 4 என்னும் ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஆனால் அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும் குணமுடையது. நீர் கலந்த நிலைக்கு விதித்துள்ள குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். டாட் 3 ரகத்துக்கு இவ்விரண்டும் 205, 140 என்று இன்னும் கீழே நிற்கின்றன. மூன்று நான்கு மழைக்காலம் கண்ட பழைய காரில் எந்த ஆயில் இருக்கும், அது எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய்க்குப் புது ஆயில், காற்று தங்காமல் நாலு சக்கரத்திலும் முறையாக வெளியேற்றிய வேலை, உஷ்ணம் தாங்கும் பேடு: பந்தயத் தளத்தில் இதைவிடப் பெரிய லாபம் தரும் முதலீட்டை நான் அறியேன்.

அடுத்த பணம் டயருக்கு. முப்பது மீட்டர் ஆரமுள்ள வளைவில், தரைக்கும் டயருக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.9 ஆக இருந்தால், மணிக்கு 58 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் போகலாம், கெழு 1.0 ஆனால் 61 கிலோமீட்டரைத் தாண்டலாம். மூன்று கிலோமீட்டர் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் அந்த லாபம் ஒவ்வொரு வளைவிலும் கிடைக்கிறது, அதற்குப் பின் வரும் நேர்ப்பாதை முழுவதும் தொடர்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கார் வளையும்போது எடை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குப் பெயர்கிறது. காரின் எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கிடையே 1.2 மீட்டரும் இருப்பின், 0.9 ஜி அளவில் வளையும்போது மொத்த எடையில் எட்டில் ஏழு பங்கு வெளிப்பக்கம் போய்விடுகிறது. உள்பக்கத்து டயர்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகின்றன. சுமை கூடக் கூட டயரின் பிடிப்பு அதே விகிதத்தில் கூடுவதில்லை என்பதால், இந்தப் பெயர்ச்சி நமக்கு நஷ்டமே. காரைத் தாழ்த்த வேண்டும் என்று எல்லாரும் சொல்வதன் விஞ்ஞானம் இவ்வளவே.

தாழ்த்துவதற்கு நம் ஊர்ப் பட்டறைகளில் கையாளும் சுருக்கு வழி, சுருள் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடுவது. சுருள் குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பது உண்மையே, அதில் தவறில்லை. ஆனால் அதை கேஸ் வெல்டிங் சுவாலையால் அறுக்கும்போது எஃகு தன் பதத்தை இழக்கிறது. அறுந்த முனை கிண்ணத்தில் சரியாக உட்காராது. சக்கரம் மேலேறி இறங்க வேண்டிய இடமும் குறைந்து, மேட்டில் ஏறினால் ரப்பர் தடுப்பின் மீது இடிக்கும். அளவுக்கேற்ற ஸ்பிரிங்கையும் அதற்கிசைந்த ஷாக் அப்சார்பரையும் சேர்த்தே வாங்குவது மேல்.

வளைவின்போது எண்ணெயும் பெயர்கிறது. 0.9 ஜி வளைவில் ஆயில் சம்பில் உள்ள எண்ணெயின் மேற்பரப்பு 42 டிகிரி சாய்ந்துவிடும். உறிஞ்சும் குழாயின் வாய் காற்றைக் குடிக்கத் தொடங்கினால், பேரிங்குகள் நொடிகளில் தேய்ந்துவிடும். சம்பைக் கழற்றி, உள்ளே சிறு தடுப்புத் தகடுகளை வைத்து வெல்டு செய்வது பழைய தந்திரம். அதுவரை, ஆயில் அளவு குச்சியில் மேல்கோட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

எடையைக் குறைப்பதோ செலவில்லாத இன்பம். பின்சீட்டு, தரைவிரிப்பு, ஒலிபெருக்கிகள், ஏசி ஆகியவற்றை எடுத்துவிடலாம். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறிப்பதால், அதை எடுப்பதில் எஞ்சினுக்கும் ஆறுதல். ஆனால் சேர்க்க வேண்டிய ஓர் எடையும் உண்டு: உயிரைக் காக்கும் குழாய்க் கூண்டு. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பாடி கட்டும் பட்டறைகளின் கைவண்ணம் நாடறிந்தது. எனினும் கனத்த சேனலை வெல்டு செய்து பழகிய கைக்கு மெல்லிய குழாய் வேறு வித்தை. சர்வதேச விதிகள், பிரதான வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும் உள்ள, குளிர்நிலையில் இழுத்த, தையலில்லாக் குழாயைக் கேட்கின்றன. தண்ணீர்க் குழாய்க்குரிய ஜிஐ பைப்பை வளைத்துக் கூண்டு என்று மாட்டிவைப்பவர்களும் உண்டு. நெடுகத் தையலிட்ட அந்தக் குழாய் அடிபட்டால் தையலிலேயே பிளந்து கொள்ளும், வெல்டு செய்யும்போதே துத்தநாகப் புகையால் செய்கிறவருக்குக் கேடு. கூண்டு கட்டிய காரை, தலைக்கவசம் இல்லாமல் வீதியில் ஓட்டினால் அந்தக் கூண்டே மண்டையை உடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீதியில் ஓட்டவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதியின்றி வாகனத்தை மாற்றியமைப்பதையும், 189-ஆம் பிரிவு பொதுச் சாலையில் பந்தயம் விடுவதையும் தடுக்கின்றன. ஆகவே தயாரான காரை ஒரு சிறிய லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே ஒழுங்கு. திரும்பும்போது ஏதேனும் உடைந்திருந்தாலும் வழியில் நிற்க வேண்டியதில்லை. ஓடுதளத்தில் முதல் சுற்றை டயரும் எண்ணெயும் சூடேறுவதற்காக நிதானமாகவும், கடைசிச் சுற்றை எல்லாம் ஆறுவதற்காகப் பிரேக்கைத் தொடாமலும் ஓட்ட வேண்டும். நிறுத்தியதும் கைபிரேக்கை இழுத்துவிடாதீர்கள்; சூடான டிரம்மை லைனிங் இறுகப் பற்றி நின்றால், ஆறும்போது அது கோணலாகிவிடக்கூடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கீழே ஒரு மரக்கட்டையைக் கொடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வையுங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் அரை மணி நேரம் தொடாதிருங்கள்.