ஒரே செயல், இரு உள்ளம்

பரீட்சைக்கு முதல்நாளிரவு இரு மாணவிகள் ஒரே கணக்கை மும்முறை சரிபார்க்கின்றனர். பார்ப்போர்க்கு இருவரும் ஒரே வார்ப்பு. ஆயின் அவர்தம் உள்ளம் ஒன்றன்று.

மனித இயல்பை ஒன்பது வகையாகப் பகுக்கும் முறையொன்று ‘எனியாகிராம்’ எனப்படும். பொலிவியாவிற் பிறந்த ஒஸ்கார் இச்சாசோ 1970ஆம் ஆண்டளவிற் சிலி நாட்டின் அரிக்கா நகரில் இதனைக் கற்பித்தார். அவரிடம் பயின்ற உளமருத்துவர் கிளாடியோ நராஞ்சோ இதனைக் கலிபோர்னியாவில் வளர்த்தார். இம்முறையில் 1ஆம் வகையினரும் 6ஆம் வகையினரும் எளிதில் மயங்கத் தக்கவர். இருசாராரும் கடமை தவறாதவர், பிழைக்கு வருந்துபவர்.

வேற்றுமை யாது? 1ஆம் வகையினரை ஆட்டுவிப்பது அடக்கிய சினம். “இது சரியன்று” என இடையறாது கடியும் நீதிபதி ஒருவர் அவர் நெஞ்சில் அமர்ந்திருக்கிறார். எனினும் முடிவு கண்டபின் அவர் தளம்பார். 6ஆம் வகையினரை ஆட்டுவிப்பது அச்சம். “தவறு நேர்ந்தால் துணை யார்?” என்பதே அவர் வினா. முடிவு கண்டபின்னும் ஐயுறுவார். நம்பியவரிடம் கேட்டே தெளிவார். அச்சத்தை மறைக்க எதிர்த்து நிற்பாரும் இவருள் உளர்.

ஆகவே, முன்னவளிடம் “பயப்படாதே” என்பதாற் பயனில்லை; “சிறு பிழை இருந்தாலும் நீ நல்லவளே” என்று கூறுங்கள். பின்னவளிடம் “இன்னும் கவனி” என்றாற் கலக்கமே மிகும். “சென்ற முறையும் நீயே சரியாகச் செய்தாய்” என நினைவூட்டுங்கள்.

இப்பகுப்புக்கு விஞ்ஞானச் சான்று வலுவாக இல்லை. ஆதலாற் பிள்ளைமீது ஓர் இலக்கத்தைப் பொறித்துவிட வேண்டாம். செயலைக் கண்டதும் தீர்ப்புரையாது, அதன் காரணத்தை அன்போடு வினவப் பெற்றோர் பழகினால் அதுவே போதும்.