மூச்சில் தெரியும் ஆபத்து

தெற்கு டெல்லியில் அரவிந்தர் சாலையின் ஒரு பக்கம் எய்ம்ஸ். எதிர்ப்பக்கம் சப்தர்ஜங் மருத்துவமனை. வெளியே நடைபாதையில் போர்வையும் சாப்பாட்டுப் பாத்திரமுமாக உறவினர்கள் காத்துக் கிடப்பது இங்கே அன்றாடக் காட்சி. உள்ளே, பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மருத்துவர்கள் முதலில் கவனிப்பது குழந்தையின் மார்பைத்தான். அது வேகமாக ஏறி இறங்குகிறதா? விலா எலும்புகளுக்கிடையே சதை உள்வாங்குகிறதா? சளி என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். மருத்துவர்களுக்கு எழும் சந்தேகம் வேறு: செப்சிஸ்.

கிருமி தொப்புளில் நுழைந்திருக்கலாம், சிறுநீர்ப் பாதையிலும் நுழைந்திருக்கலாம். ஆனால் அடி வாங்குவது பெரும்பாலும் நுரையீரல். கிருமியை எதிர்க்கப் புறப்படும் உடலின் தற்காப்புப் படை கட்டுமீறிப் போய், சொந்த ரத்தக் குழாய்களையே தாக்குகிறது. உடலைச் சுற்றி வரும் ரத்தம் முழுவதும் நுரையீரலைக் கடந்தாக வேண்டும் என்பதால் அங்கே சேதம் அதிகம். நுண்குழாய்களின் சுவர் கசிகிறது; காற்று இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் ரத்தத்தில் சேருவது கொஞ்சம்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. நுரையீரல் நன்றாக இருக்கும்போதே மூச்சு வேகமெடுக்கலாம். திசுக்களில் அமிலம் சேர்கிறது. அதைச் சரிக்கட்ட கரியமில வாயுவை வெளியேற்றும் முயற்சி அது. பெரியவர்கள் இப்படி இரைத்து இரைத்துக் களைத்துப் போவார்கள். குறைமாதக் குழந்தைக்கு அந்தத் தெம்பும் இல்லை. திடீரென்று மூச்சு விடுவதையே நிறுத்திவிடும்.

அப்போது கைகொடுப்பது வென்டிலேட்டர். அதிலும் ஆபத்து உண்டு. நுரையீரல் இப்படி நனைந்து விறைத்துப்போவதை டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்டு விவரித்தது 1967ல். அதன் பிறகு பல ஆண்டுகள் இயந்திரம் தாராளமாகவே காற்றைச் செலுத்தி வந்தது. 861 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2000ல் கண்ணைத் திறந்தது. உயரத்துக்கேற்ற எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் என்றிருந்த காற்றைப் பாதியாகக் குறைத்ததும் இறப்பு சுமார் 40 சதவிகிதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. உயிர் காக்கும் காற்றே நுரையீரலைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கிறது!

டெல்லியின் பிரச்சினை இதையும் தாண்டியது. 2011 ஜூலை முதல் 2014 பிப்ரவரி வரை எய்ம்ஸ், சப்தர்ஜங், லோக்நாயக் ஆகிய மூன்று மருத்துவமனைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளை ஆய்வுக் குழு ஒன்று கண்காணித்தது. 14.3 சதவிகிதத்தினருக்கு செப்சிஸ். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளேயே. அதிகம் தென்பட்ட கிருமி அசினெடோபாக்டர். ஆஸ்பத்திரிகளில் குடியேறி, சுவாசக் குழாய் வழியாகவும் நுரையீரலுக்குள் புகக்கூடியது. சிக்கியவற்றில் 82 சதவிகிதம் பல மருந்துகளுக்கும் மசியாத ரகம். தாயிடமிருந்து வந்ததா, பிரசவ அறையிலேயே தொற்றியதா என்ற சங்கடமான கேள்வியை யாரும் தவிர்க்க முடியாது.

மருந்து தோற்கும் இடத்தில் நேரம்தான் மிச்சமிருக்கும் ஆயுதம். பச்சிளங்குழந்தை அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் ஆபத்து அறிகுறி. ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அதிகமாக இருந்தால் மறுபடியும் எண்ண வேண்டும். பால் குடிக்க மறுத்தாலோ, உடல் சில்லிட்டாலோ எண்ணிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பிரசவமான வீட்டுக்கு 3, 7, 14ம் நாட்களில் வந்து பார்க்கும் ஆஷா ஊழியரின் பையில் தெர்மாமீட்டரோடு ஒரு கடிகாரமும் இருப்பது இதற்காகத்தான்.