நிற்கும் ரயிலுக்கும் காற்று வேண்டும்

காஞ்சிபுரம் பக்கத்து ராஜகுளத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலில் போகவேண்டியவர்கள் பஸ் பிடித்துக் காஞ்சிபுரத்துக்கோ வாலாஜாபாத்துக்கோ போய்த்தான் ஏறவேண்டும். செங்கல்பட்டில் தொடங்கி பாலூர், பழைய சீவரம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், திருமால்பூர் வழியாக அரக்கோணம் சேரும் அந்தப் பாதை ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வந்தால் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் கிராசிங்குக்காக நின்றே ஆகவேண்டும். ஓடும்போது முகத்தில் அடித்த காற்று, வண்டி நின்ற மறுநிமிடமே இல்லாமல் போகும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கூட்டம் நெருக்கி நிற்க, குழந்தைகள் அழத் தொடங்கும். ரயில் ஜன்னல் எப்படி அமையவேண்டும் என்ற கேள்விக்குச் சரியான சோதனைக்களம் இந்த நிறுத்தம்தான் என்பது என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 72 படுக்கைகள் கொண்ட பழைய ஸ்லீப்பர் பெட்டி நிறைந்திருந்தால், கூரை வழியே இறங்கும் வெயில் போக, ஆட்களிடமிருந்து மட்டும் 7,000 வாட்டுக்கு மேல் வெப்பம் சேர்கிறது. ஒவ்வொருவரும் மணிக்கு 20 லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை மூச்சில் விடுகிறோம். பெட்டியின் உட்புறக் கொள்ளளவு சுமார் 150 கன மீட்டர். எல்லா ஜன்னலையும் கதவையும் இறுக அடைத்தால், வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் உள்ள கரியமில வாயு, பெட்டிக்குள் ஐந்து நிமிடத்துக்குள் 1,000 பங்கைத் தாண்டிவிடும். அந்த அளவு ஆளைக் கொல்லாது. ஆனால் காற்று பழசாகிவிட்டது, ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்பதற்குப் பொறியாளர்கள் கொள்ளும் அடையாளம் அது. அந்த அளவைத் தாண்டாமல் வைக்க ஒரு ஆளுக்கு மணிக்கு 30 கன மீட்டருக்கு மேல் புதுக்காற்று வேண்டும். பெட்டி முழுமைக்கும் கணக்கிட்டால் மணிக்குச் சுமார் 2,500 கன மீட்டர்.

கூரையில் சுழலும் மின்விசிறி இதில் ஒரு கன மீட்டரைக்கூடக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கும் காற்றையே அது கலக்கிவிடுகிறது. வியர்வை ஆவியாக உதவுவதால் உடம்புக்கு இதமாக இருக்கும். காற்று மட்டும் அதே பழைய காற்றுதான். புதுக்காற்று வருவதற்கு ஜன்னலையும் கதவையும் கூரைத் துவாரத்தையும் விட்டால் வேறு வழி இல்லை.

வண்டி ஓடும்போது ஜன்னலில் நடப்பதைக் கவனித்தால் ஒரு சுவையான செய்தி கிடைக்கும். பெட்டியின் பக்கவாட்டை உரசியபடி பின்னோக்கிப் போகும் காற்று, திறந்த ஜன்னலின் பின் விளிம்பில் மோதி உள்ளே திரும்புகிறது. முன் விளிம்பின் பக்கமாக உள்காற்று வெளியே உறிஞ்சப்படுகிறது. அதனால்தான் எதிரெதிர் இருக்கைகளில், வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தவர் முகத்தில் காற்று அடிக்கிறது. அவருக்கு எதிரே, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர் அதே ஜன்னலோரத்தில் வியர்க்கிறார். ஒரே ஜன்னல் காற்றை வாங்கவும் செய்கிறது, விடவும் செய்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. 30 கிலோமீட்டர் வேகம் 60 ஆனால் அழுத்தம் நான்கு மடங்காகிறது. வேகம் பூஜ்யமானால் அழுத்தமும் பூஜ்யம். நின்ற வண்டியில் ஜன்னல் கைவிட்டுவிடுவதற்குக் காரணம் இதுவே.

அப்போது மிஞ்சுவது ஒரே ஒரு விசை: சூடான காற்று மேலே எழும் என்பது. நம் வீடுகளில் சுவரின் உச்சியில் வைக்கும் சிறிய வென்டிலேட்டர் செய்கிற வேலைதான் ரயிலுக்கும் வேண்டும். கீழே ஒரு வாசல் வழியாகக் குளிர்ந்த காற்று நுழையவேண்டும், மேலே ஒரு வாசல் வழியாகச் சூடான காற்று வெளியேறவேண்டும். ரயில் ஜன்னலோ உட்கார்ந்தவரின் தோள், தலை மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சாமான் பலகையோ படுக்கையோ, பிறகு கூரை. எழுந்த சூடு அங்கேயே தேங்குகிறது. அப்பர் பெர்த்தில் படுத்தவர்கள் இதை நன்றாக அறிவார்கள்.

பழைய ரயில்காரர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் கூரையின் நடுப்பகுதியை உயர்த்தி, அதன் இருபுறமும் சிறு ஜன்னல்களை வைத்தார்கள். பின்னர் கூரைமேல் இருமுனையும் கூம்பிய குழாய் போன்ற வென்டிலேட்டர்கள் வந்தன. வண்டி எந்தத் திசையில் ஓடினாலும் அவை உள்காற்றை மேலே உறிஞ்சி எடுக்கும். மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். பணக்கார வகுப்புகளுக்கு வேறு வசதிகளும் இருந்தன. ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நீர் தெளித்தார்கள். 1934-ல் ஃபிரான்டியர் மெயிலில் பெட்டிக்கு அடியில் ஐஸ் கட்டிகளை வைத்து, அதன் மேல் காற்றை ஓட்டிக் குளிரூட்டினார்கள். மூன்றாம் வகுப்புக்கு வாய்த்தது ஜன்னல் மட்டுமே. 1917-ல் பம்பாயிலிருந்து சென்னைக்கு மூன்றாம் வகுப்பில் வந்த காந்தி, 22 பேருக்கான பெட்டியில் அதற்கு மேலும் ஆட்களை அடைத்ததை எழுதியிருக்கிறார். அந்தக் கூட்டம் இன்றும் பொதுப்பெட்டியில் நிற்கிறது.

நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-ல் நேரு தொடங்கிவைத்தார். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவன வடிவமைப்பைக் கொண்டு அங்கே கட்டப்பட்ட பெட்டிகளில்தான் நம் தலைமுறைகள் பயணம் செய்தன. அவற்றின் ஜன்னலில் இரண்டு ஷட்டர்கள் இருக்கும்: ஒன்று கண்ணாடி, மற்றொன்று சாய்வான தகடுகளை அடுக்கிய உலோக ஷட்டர். கண்ணாடி ஒளியை விடும், காற்றைத் தடுக்கும். தகட்டு ஷட்டர் வெயிலையும் சாரலையும் பெருமளவு தடுத்துக் காற்றை விடும். தகடுகள் வெளிப்பக்கமாகக் கீழே சாய்ந்திருப்பதால் மழைநீர் வெளியே வடிந்துவிடும். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இவ்வளவு எளிமையாக ஈடுகொடுக்கும் கருவி ரயிலில் வேறெதுவும் இல்லை. குறைகளும் இருக்கின்றன. துருவேறி மாட்டிக்கொண்டால் பெரியவர்களால் தூக்க முடியாது. தாழ்ப்பாள் தேய்ந்திருந்தால் மேலே நிற்காமல் விரல்மேல் விழும். மழைக்கு இறக்கிய கண்ணாடியை மழை நின்ற பிறகும் யாரும் தூக்குவதில்லை.

பக்கவாட்டில் தள்ளும் கண்ணாடி வந்தால் விரல் நசுங்காது. ஆனால் எந்நேரமும் ஜன்னலின் பாதிப் பரப்புதான் திறக்கும். ஜன்னல் விளிம்பில் வெளியே துடுப்புபோல் ஒரு தகடு நீட்டிக் காற்றை உள்ளே திருப்பலாம் என்றால், பெட்டியின் அகலத்துக்கு ரயில்வே வரம்பு வைத்திருக்கிறது. பிளாட்பாரமும் எதிர்வண்டியும் அருகில் இருக்கின்றன. வெளியே நீட்டாமல், சுவரின் தடிமனுக்குள்ளேயே சட்டத்தை உள்ளடக்கி வைத்து இரு விளிம்பிலும் சாய்வு கொடுக்கலாம். ஜன்னலுக்கு மேலே, சாமான் பலகைக்கும் மேலாக, மூடவே முடியாத ஒரு குறுகிய தகட்டு வென்டிலேட்டர் வைக்கலாம். என் கணிப்பில் இந்த இரண்டாவதுதான் முக்கியம், ஏனென்றால் நின்ற வண்டியில் உதவுவது அதுதான்.

இந்தப் பேச்சுக்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. 2025 ஜூன் 9-ல் மும்பையின் மும்ப்ரா அருகே, நெரிசலில் கதவோரம் தொங்கிச் சென்ற பயணிகள் கீழே விழுந்து உயிரிழந்தார்கள். குளிர்சாதனம் இல்லாத புறநகர் வண்டிகளுக்கும் தானியங்கிக் கதவு வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. கதவை அடைத்தால் மூச்சு முட்டும் என்பதே அதற்கு இருந்த பெரிய தடை. ஐ.சி.எஃப்.புடன் கலந்துபேசி ரயில்வே அறிவித்த தீர்வில் மூன்று மாற்றங்கள் இருந்தன: கதவிலேயே தகட்டு இடைவெளிகள், கூரையிலிருந்து புதுக்காற்றைத் தள்ளும் கருவி, பெட்டிக்குப் பெட்டி போக வழி. மின்சாரத்தால் காற்றைத் தள்ளும் கருவி வண்டி நின்றபோதும் வேலை செய்யும். அதுவே இந்த மாற்றங்களில் பெரியது.

சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டுப் பாதையில் 2025 ஏப்ரலில் ஏ.சி. புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் காஞ்சிபுரத்திலிருந்து வேலைக்குப் போகும் கூலிக்காரருக்கும் மாணவருக்கும் பல ஆண்டுகளுக்கு ஜன்னல்தான் காற்று. அந்த ஜன்னலை வடிவமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய பெட்டியை ஓடவிட்டு மட்டும் சோதிக்காதீர்கள். மே மாத நடுப்பகலில், ஆட்களை நிறைத்து, அரைமணி நேரம் நிறுத்திவைத்து, மேல் படுக்கை மட்டத்தில் வெப்பத்தையும் கரியமில வாயுவையும் அளந்து பாருங்கள். அதில் தேறிய ஜன்னலையே பெட்டியில் பொருத்துங்கள்.