அம்பாப் பாட்டும் புறம்போக்குப் பாடலும்

சோழமண்டலக் கரை மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். அந்தத் தாளத்தில்தான் எல்லோர் கையும் ஒன்றாக இழுக்கும். கடல், காதல், கேலி எல்லாம் அதில் கதையாகிவிடும்.

இந்தக் கரையில் உள்ள பழவேற்காடு ஏரியையும் தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அந்தக் கழிமுகத்துக்காக 2017 ஜனவரியில் வெளிவந்தது ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. கர்நாடக ராகங்களில் சென்னைப் பேச்சுத் தமிழ்! சபாக்களுக்குத்தான் அது புதிது. கரையில் பாட்டு என்றைக்கும் ஊர்ப்பேச்சில்தான்.

வலை சீர்செய்யும் பெரியவர் யாரையாவது பார்த்தால், ஓர் அம்பா பாடச் சொல்லிக் கேளுங்கள்.